கேட்காமல் இருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

பெயர் சொல்லி நன்றி சொல்வதுதான் முறை. ஆனால் இந்த மடலில் ஒரு பெயரும் வராது. நீங்கள் உதவியது ஆள்கடத்தலிலிருந்து மீண்டு வந்தவர்களுக்கு. உங்கள் பெயரைப் பிடித்துக்கொண்டு அவர்களைத் தேடக்கூடியவர்கள் வெளியே இருக்கிறார்கள். அதனால் செய்த வேலையை வைத்துத்தான் உங்களை அழைக்கப் போகிறேன். படிக்கும்போது "அட, இது நான்தானே" என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அது போதும்.

முதலில் தச்சருக்கு.

ஒரு ஞாயிறு இரவு, பத்து மணி தாண்டியிருந்தது. அன்று மாலைதான் ஒரு பெண் வந்து சேர்ந்திருந்தார். அறையில் படுக்கை, போர்வை, மாற்றுத் துணி, சோப்பு எல்லாம் வைத்திருந்தோம். எதையும் அவர் தொடவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, இது உள்ளேயிருந்து பூட்டுமா?" என்றார்.

பூட்டாது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. மூன்று மாதம் கூட்டம் போட்டு, பட்டியல் எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்துத் தயார் செய்த அறை அது. எங்களில் ஒருவருக்கும் கதவு கண்ணில் படவில்லை.

உங்களுக்குப் போன் செய்தேன். இருபது நிமிடத்தில் வந்தீர்கள். வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று என்னிடம் கேட்காமல் அந்தப் பெண்ணிடம் கேட்டீர்கள். வெளித் தாழ்ப்பாளைக் கழற்றி உள்ளே பொருத்தினீர்கள். கடைசித் திருகாணி மட்டும் மிச்சம் இருந்தபோது ஸ்க்ரூடிரைவரை அவரிடம் நீட்டினீர்கள். அவர் அதை முறுக்கினார். தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். யார், எங்கிருந்து, என்ன ஆயிற்று என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். எங்கள் வேலை என்ன என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

முதல் வருடம் நாங்கள் இதற்கு நேர்மாறாக இருந்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். நல்லெண்ணத்துக்குக் குறைவே இல்லை. ஆளாளுக்கு ஓடினோம். விளைவு, முதலில் எங்களிடம் வந்த பெண் தனக்கு நடந்ததை ஏழு இடத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. புகார் எழுதிய இடத்தில், மருத்துவப் பரிசோதனையில், வழக்கறிஞரிடம், தங்குமிடத்தில், ஆலோசகரிடம், உதவித்தொகைக்கு மனு போட்ட இடத்தில். ஏழாவது ஆள் நான். என்னிடம் வந்தபோது அவர் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார், முகத்தில் எதுவும் அசையவில்லை. இரண்டு இடத்தில் சொன்ன தேதிகள் ஒத்துப்போகவில்லை என்று ஓர் அலுவலகத்தில் அவரைப் பொய்க்காரி என்றார்கள். தொடர்ந்து பயத்தில் கிடந்தவரின் நினைவு துண்டு துண்டாகத்தான் வரும், முன்பின் மாறும். அங்கே அதைச் சொல்ல எங்களில் ஒருவரும் உடன் போகவில்லை. அவரவர் வேலையை அவரவர் முடித்துவிட்டுப் போயிருந்தோம்.

இதைச் சரிசெய்தது ஒரு மருத்துவமனையின் பதிவு மேசையில் இருப்பவர். நிபுணர் இல்லை, பட்டம் இல்லை. "ஒரு நோயாளிக்கு ஒரு அட்டைதான். உங்களுக்கு ஏன் ஏழு?" என்றார். அங்கிருந்து பிறந்ததுதான் நாம் இன்று வைத்திருக்கும் ஒற்றைத் தாள். யாரிடம் சொல்லலாம், எதைச் சொல்லலாம், எந்தத் தேதி வரை என்று மூன்றே கட்டம். நிரப்புவது சம்பந்தப்பட்டவர். பெயருக்குப் பதில் ஓர் எண். எந்த நாளிலும் பேனாவை வாங்கி ஒரு வரியை அடித்துவிட அவருக்கு உரிமை உண்டு. போன மாதம் ஒருவர் என் பெயரையே அடித்துவிட்டார். சுருக்கென்றுதான் இருந்தது. சரி, தாள் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பல் மருத்துவருக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு, மீண்டு வருபவர்களுக்கு முதலில் தேவைப்படுவது மனநல ஆலோசனை என்றுதான் நினைத்திருந்தேன். பல பேருக்குப் பல்வலிதான் முதலில் நிற்கிறது. வருடக்கணக்கில் யாரும் காட்டவிடாத பல். அதோடு முதுகுவலி, தலைவலி, தூக்கமின்மை. ஆனால் அந்த நாற்காலியில் மல்லாந்து படுத்து, வாயைத் திறந்து, முகத்துக்கு மேல் ஓர் ஆள் குனிவதைத் தாங்குவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. நீங்கள் நாற்காலியைச் சாய்க்கவே இல்லை. ஒவ்வொரு கருவியையும் முதலில் வந்தவர் கையில் கொடுத்தீர்கள். கைக்கண்ணாடியைக் கொடுத்து, "நீங்களும் பாருங்கள், கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்" என்றீர்கள். அவர் சோதித்துப் பார்த்தார். காரணமே இல்லாமல் நாலு முறை கையைத் தூக்கினார். நாலு முறையும் நிறுத்தினீர்கள். அன்றைக்கு ஒரு பல்லும் பார்த்து முடியவில்லை. அடுத்த வாரம் அவராகவே கேட்டு வந்தார்.

வண்டி ஓட்டுகிறவருக்கு: பின் கதவின் குழந்தைப் பூட்டை எடுத்துவிட்டு, எந்த வழியாகப் போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவீர்களே, அதற்கு. வழி மாறினால் வண்டியை ஓரம் கட்டி ஏன் என்று சொன்னதற்கும்.

மொழிபெயர்ப்பாளருக்கு நான் மன்னிப்பும் கேட்க வேண்டும். எங்களிடம் வந்த ஒருவருடைய மொழி பேசுகிற ஆள் கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் உங்களை நேரே கூட்டிவந்து உட்காரவைத்தேன். அந்த மனிதர் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும் நீங்கள்தான் விளக்கினீர்கள். ஆள்பிடிப்பவர் பெரும்பாலும் தெரிந்தவராகத்தான் இருப்பார், உறவாகக்கூட இருப்பார். தன் ஊர்ப்பேச்சைக் கேட்டதும் ஆறுதல் வராது, ‘இவர் யாருக்கு வேண்டியவரோ’ என்ற பயம்தான் வரும் என்றீர்கள். மறுவாரத்திலிருந்து போனில் மட்டும், உங்கள் பெயரும் அவர் பெயரும் சொல்லாமல், வேறொரு வட்டாரத்திலிருந்து ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொடுத்து நீங்கள் ஒதுங்கிக்கொண்டீர்கள். உதவிக்கு வந்தவர் தானே விலகிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மேலே ‘அந்த மனிதர்’ என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். ஆள்கடத்தல் என்றதும் மனதில் வருவது ஒரு பெண்ணின் படம்தான், எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021இல் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தவர்கள் 2.76 கோடிப் பேர். அதில் பாலியல் சுரண்டலில் இருந்தவர்கள் 63 லட்சம். அதைவிட மிக அதிகம், 1.73 கோடிப் பேர், கட்டடம், வயல், ஆலை, படகு, வீட்டு வேலை போன்ற தனியார் வேலைகளில் இருந்தார்கள். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு ஓர் ஆண் வந்து நின்றபோது எங்களிடம் பெண்களுக்கான அறை மட்டும்தான் இருந்தது. விடுதி நடத்தும் பெரியவர் ஓர் அறையைத் திறந்துவிட்டு, பதிவேட்டில் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டார். ஐயா, அந்தச் சாவி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. நீங்களும் திருப்பிக் கேட்கவில்லை.

அந்த மனிதரைப் பேசவைத்தது கடைசியில் வழக்கறிஞர்தான். "நானேதான் கையெழுத்துப் போட்டேன், கடனும் வாங்கினேன், யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2000ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட ஆள்கடத்தல் தடுப்பு நெறிமுறையை எடுத்து, மூன்றாவது பிரிவைப் போனில் வரிவரியாக மொழிபெயர்க்கச் சொன்னீர்கள். ஏமாற்றியோ மிரட்டியோ சம்மதம் வாங்கியிருந்தால் அந்தச் சம்மதத்துக்கு மதிப்பே இல்லை என்கிற இடம். மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறையும் வாசிக்கச் சொன்னார். அப்புறம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

காத்திருக்கக் கற்றுக்கொடுத்ததற்கும் வழக்கறிஞருக்கே நன்றி. ஐரோப்பிய கவுன்சிலின் 2005ஆம் ஆண்டு ஆள்கடத்தல் எதிர்ப்பு உடன்படிக்கையில், மீண்டவர் மூச்சுவிட்டு யோசிப்பதற்குக் குறைந்தது 30 நாள் தர வேண்டும் என்று இருக்கிறதாம். அந்தக் கணக்கை நாமும் கடன் வாங்கிக்கொண்டோம். முதல் 30 நாளில் வழக்குப் போடுகிறாயா, ஊருக்குப் போகிறாயா, என்ன வேலை வேண்டும் என்று நம்மில் யாரும் நச்சரிப்பதில்லை. எங்களோடு வேலை செய்யும் காவல் அதிகாரிக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது, தடயம் போய்விடும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, புதன்கிழமைக் கூட்டங்களில் இன்னும் சண்டை போடுகிறோம். ஆனால் சீருடை இல்லாமல் வந்து, "எப்போ பேசணும்னு தோணுதோ அப்போ கூப்பிடுங்க" என்று எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனதும் அதே அதிகாரிதான். நாற்பத்திரண்டாம் நாள் அழைப்பு போயிற்று.

முகவரிச் சான்று இல்லாதவருக்குக் கணக்குத் திறக்க விதிப்புத்தகத்தைப் புரட்டி வழி கண்டுபிடித்த வங்கி ஊழியருக்கு. வேலை கொடுத்து, சம்பளச் சீட்டும் கொடுத்து, அடையாளச் சான்றைப் பார்த்துவிட்டு உடனே கையிலேயே திருப்பித் தந்த பட்டறைக்காரருக்கு. போனில் இருப்பிடம் காட்டுவதை நிறுத்தி, பழைய கணக்குகளையெல்லாம் மூடிக்கொடுத்த கல்லூரி மாணவருக்கு. பழைய துணி வேண்டாம், அளவு சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கித் தந்தவர்களுக்கு. படம் இல்லாமல் செய்தி போட்ட நிருபருக்கு. ரசீது மட்டும் போதும், ‘பயனாளியின் கதை’ வேண்டாம் என்று எழுதியனுப்பிய நன்கொடையாளருக்கு.

கடைசியாகச் சொன்னவரை நினைத்தால் எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. ஜூலை 30 ஆள்கடத்தலுக்கு எதிரான உலக நாள். ஒரு வருடம் அந்த நாளில், நிதி திரட்டலாம் என்று ஒரு பெண்ணை மேடையேறிப் பேசச் சொன்னேன். ஒத்துக்கொண்டார், பேசினார், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "சொன்னதைச் செஞ்சுட்டேன், இப்போ கணக்குச் சரியாப் போச்சா?" என்றார். நாங்கள் செய்த உதவியை அவர் கடனாக எண்ணியிருந்தார். அவர் ஏற்கனவே ஒரு கடனுக்காகத்தான் அடைபட்டுக் கிடந்தார்.

இப்போது அவர் நம் புதன்கிழமைக் கூட்டத்தில் உட்காருகிறார், பேச்சாளராக இல்லை. மற்ற ஆலோசகர்களுக்குத் தரும் அதே மணிக்கணக்குச் சம்பளம் அவருக்கும் உண்டு. அவரைப்போலவே மீண்டு வந்து, தங்கள் கதையைச் சொல்லாமல், எங்கள் ஏற்பாட்டில் எது ஓட்டை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் உங்கள் நால்வருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். ‘மீட்கப்பட்டவர்கள்’ என்ற சொல்லை நம் தாள்களிலிருந்து நீக்கச் சொன்னதும் நீங்கள்தான். "யாரும் வந்து மீட்கலை. நானா சுவரேறிக் குதிச்சேன். மீண்டவள்னு எழுதுங்க" என்றீர்கள். தமிழில் இந்த வசதி இருக்கிறது, ஒரு சொல் மாறினால் ஆள் மாறிவிடுகிறார். இத்தனை காலம் எழுதியும் எனக்கு அது தோன்றவில்லை.

எல்லாமே நன்றாக முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருவர் போய்விட்டார். பன்னிரண்டாம் நாள் காலையில் படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. திட்டியவர்கள் நம்மில் உண்டு. இரவு போனைப் பார்த்துக்கொள்ளும் அம்மா மட்டும் திட்டவில்லை. நாலு மாதம் கழித்து விடியற்காலை மூன்று மணிக்கு அழைப்பு வந்தபோது, "ஏன் போனாய்?" என்று அவர் கேட்கவில்லை. "எங்கே நிற்கிறாய், பக்கத்தில் வெளிச்சம் இருக்கிறதா?" என்றுதான் கேட்டார். வண்டி போயிற்று. அம்மா, அந்த இரண்டு கேள்விகளையும் இப்போது பயிற்சித் தாளில் முதல் வரியாகப் போட்டிருக்கிறோம். உங்களிடம் அனுமதி வாங்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விட்டுப்போனவர்கள் நிறைய இருப்பார்கள். சண்டைக்கு வாருங்கள், அடுத்த மடலில் சேர்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை இரவுக்கு வண்டி ஓட்ட இன்னும் ஓர் ஆள் தேவை, சைகை மொழி தெரிந்தவர் ஒருவரும் தேவை. உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

தச்சரே, உங்களிடம் கடைசியாக ஒன்று. வரவு செலவுப் புத்தகத்தில் ‘தாழ்ப்பாள் ஒன்று, திருகாணி எட்டு’ என்ற வரி இரண்டு வருடமாகப் பாக்கியிலேயே நிற்கிறது. கணக்குப் பார்ப்பவர் ஒவ்வொரு மார்ச்சிலும் என்னைப் பிடித்துக்கொள்கிறார். தயவுசெய்து வந்து பணத்தை வாங்கிக்கொண்டு போங்கள். வரும்போது சாமான் பையையும் கொண்டு வாருங்கள், இன்னும் இரண்டு கதவு இருக்கிறது.

நன்றியுடன்,
புதன்கிழமைக் கூட்டத்தைக் கூட்டுகிறவள்