ஜெட்ஸ் தேறுமா என்று கேட்ட நண்பனுக்கு

ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிச்சிகன்
15 ஜூன் 2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரிக்குக் கிளம்புவதையும் உன் முழங்கால் வலியையும் நான்கே வரிகளில் முடித்துவிட்டு, நியூயார்க் ஜெட்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு மூன்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறாய். நானும் அவ்வாறே, இங்கு அனைவரும் நலம் என்ற ஒரு வரியோடு உன் கேள்விக்கு வந்துவிடுகிறேன்.

14 சீசன்களாகப் பிளேஆஃப் என்னும் இறுதிக்கட்ட வெளியேற்றச் சுற்றின் வாசலையே மிதிக்காத ஓர் அணியைப் புதிய தலைமைப் பயிற்சியாளர் ஆரன் க்ளென் சாம்பியனாக்கிவிடுவாரா என்று கேட்டிருக்கிறாய். அவர் எங்கள் டெட்ராய்ட் லயன்ஸின் தற்காப்புப் பிரிவை நான்கு ஆண்டுகள் நடத்தியவர் என்பதால் என்னிடம் விடை இருக்கும் என்பது உன் எண்ணம். என்னிடம் இருப்பது பாதி விடைதான்: விழுந்த அணி எழுந்து நிற்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன், அது கோப்பையைத் தூக்குவதை இன்னும் பார்க்கவில்லை.

2008-ஆம் ஆண்டை நினைத்துப் பார். பதினாறு ஆட்டங்களிலும் தோற்ற முதல் அணி என்ற பெயரை லயன்ஸ் அந்த ஆண்டுதான் வாங்கியது. டிசம்பரில் என் அலுவலகத்தில் ஒருவர் இரண்டு டிக்கெட்டுகளைக் காப்பி இயந்திரத்தின் அருகே வைத்துவிட்டு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனார். மாலையில் நான் விளக்கை அணைத்துக் கிளம்பியபோதும் அவை அங்கேயே கிடந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 2003, 2004, 2005 என்று, அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுகள் மூன்றில் தொடர்ந்து முதல் சுற்றில் பந்து பிடிக்கும் ரிசீவர்களையே எடுத்திருந்தார்கள். அடித்தளம் போடாமல் வாசலில் தோரணம் கட்டிய வீடு அது. குடிபோக எவரும் வராததில் வியப்பில்லை.

2021 ஜனவரியில் பிராட் ஹோம்ஸ் பொது மேலாளராகவும் டான் கேம்ப்பெல் தலைமைப் பயிற்சியாளராகவும் வந்தபோது, எதிராளியின் முழங்காலைக் கடிப்போம் என்று கேம்ப்பெல் முழங்கியதைக் கேட்டு நீயும் நானும் தொலைபேசியில் சிரித்தோம். நாம் கவனிக்கத் தவறியது ஹோம்ஸ் செய்த பேரத்தை. தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் குவாட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்து, அவர்களுடைய குவாட்டர்பேக் ஜேரட் காஃபையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் அவர் வாங்கினார். ஸ்டாஃபோர்ட் அடுத்த ஆண்டே அங்கு இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றார். எங்களுக்கு அந்த சீசனில் கிடைத்தவை மூன்று வெற்றிகள். ஆனால் அந்தத் தேர்வுகளில் ஒன்றைக் கைமாற்றித்தான் 2023-இல் ஜமீர் கிப்ஸ், சாம் லபோர்ட்டா என்ற இரு தாக்குதல் வீரர்களும் எங்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது 2022 அக்டோபரில் நடந்தது. அணி ஐந்து தோல்வி, ஒரு வெற்றி என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹாம்ப் தாமாகவே செய்தியாளர்கள் முன் வந்து, ஹோம்ஸ், கேம்ப்பெல் இருவர் மீதும் தமக்கு நம்பிக்கை இருப்பதாகச் சொன்னார். அடுத்த ஆட்டத்திலும் தோற்றார்கள். அதன் பிறகு ஆடிய பத்தில் எட்டை வென்றார்கள். இப்போது உன் ஊர்க் கதைக்கு வா: 2024-இல் மூன்று தோல்வி, இரண்டு வெற்றி என்றிருந்த நிலையிலேயே தலைமைப் பயிற்சியாளர் ராபர்ட் சாலேவை வெளியேற்றினார்கள், சில வாரங்களில் பொது மேலாளரும் போனார். ஆகவே க்ளென் எப்படிப்பட்டவர் என்பதைவிட, முதல் ஆண்டில் அவர் பன்னிரண்டு ஆட்டங்களில் தோற்றால் உங்கள் உரிமையாளர் என்ன செய்வார் என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

எழுந்து நின்ற பின் என்ன நடக்கும் என்பது வேறு கதை. 2024 ஜனவரியில் ஸ்டாஃபோர்டே எதிரணியில் வந்து நிற்க, 24-23 என்று வென்றோம். 32 ஆண்டுகளில் எங்கள் முதல் பிளேஆஃப் வெற்றி அது. இரு வாரங்கள் கழித்து சான் பிரான்சிஸ்கோ அணியுடனான ஆட்டத்தில் இடைவேளையின்போது 24-7 என்று முன்னிலையில் இருந்தோம். என் மனைவி, சூப்பர் பௌல் நடக்கவிருந்த லாஸ் வேகஸுக்கு விமானக் கட்டணம் பார்க்கத் தொடங்கிவிட்டாள். மூன்றாம் பகுதியில் அவர்கள் தொலைவுக்கு எறிந்த பந்து எங்கள் தற்காப்பு வீரரின் முகக்கவசத்தில் பட்டு மேலே எழும்பியது. கீழே விழுந்துகொண்டிருந்த அவர்களுடைய ரிசீவர் பிராண்டன் ஐயுக்கின் கைகளில், அவருக்கென்றே வைத்திருந்ததுபோல் வந்து அமர்ந்தது. அதற்குச் சற்று முன் கேம்ப்பெல் எளிதாக மூன்று புள்ளிகளுக்கு உதைக்கச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் இங்கு வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் துணிச்சல்தான் அணியை அதுவரை கொண்டுவந்தது. 34-31 என்று தோற்றோம். மனைவி கணினியை மூடிவைத்தாள்.

அடுத்த சீசனில் 15 வெற்றி, இரண்டு தோல்வி. ஆனால் எங்கள் தற்காப்பின் தூணான ஏய்டன் ஹட்சின்சன் அக்டோபரிலேயே காலை முறித்துக்கொண்டார். அவரைத் தொடர்ந்து தற்காப்பு வீரர்கள் ஒவ்வொருவராகக் காயமுற்றதில், வாஷிங்டனிடம் 45 புள்ளிகளைக் கொடுத்துச் சொந்த மைதானத்திலேயே வெளியேறினோம். இவர்களை ஒன்றாக வைத்திருப்பதும் இனி எளிதன்று. டிராஃப்டில் வந்த இளைஞர்கள் முதல் நான்கு ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில் ஆடுவார்கள். அதன் பின் அவர்களுக்குரியதைக் கொடுத்தாக வேண்டும், அணியின் சம்பள வரம்போ எல்லோருக்கும் ஒன்றுதான். காஃபின் ஒப்பந்தம் மட்டுமே நான்கு ஆண்டுகளுக்கு 21 கோடியே 20 லட்சம் டாலர். தாக்குதல் பிரிவை நடத்திய பென் ஜான்சனைச் சிகாகோ அழைத்துக்கொண்டது, க்ளென்னை உங்களுக்குக் கொடுத்தோம், இம்மாதத் தொடக்கத்தில் முன்வரிசை வீரர் ஃபிராங்க் ராக்னோவும் ஓய்வை அறிவித்துவிட்டார். 1957-க்குப் பிறகு நாங்கள் காணாத கோப்பைக்கு இவ்வளவு அருகில் வந்துவிட்டு, கதவு மூடுகிறதோ என்ற கவலையில் இருக்கிறேன்.

இருந்தாலும் க்ளென்னுக்கு உன் அணி புதிதல்ல. 1996-இல் ஒரே ஓர் ஆட்டம் வென்ற ஜெட்ஸிலும், பயிற்சியாளராகப் பில் பார்செல்ஸ் வந்தபின் 1998-இல் சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே நின்ற ஜெட்ஸிலும் ஆடியவர் அவர். ஏப்ரல் டிராஃப்டில் ஜெட்ஸ் ஏழாவது தேர்வாக ஆர்மண்ட் மெம்பூவை எடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. லயன்ஸும் 2021-இல் அதே ஏழாவது இடத்தில், குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்காகவே பெனே சூவலை எடுத்தது. உங்கள் புதிய குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸைப் பற்றி மட்டும் எனக்கு ஐயம் இருக்கிறது.

செப்டம்பர் 7 அன்று உங்கள் முதல் ஆட்டமே பிட்ஸ்பர்குடன். நீங்கள் வேண்டாம் என்று அனுப்பிய குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் இம்மாதம்தான் அங்கு சேர்ந்திருக்கிறார். டிக்கெட் கிடைத்தால் எனக்கும் ஒன்று எடுத்து வை. முழங்கால் வலிக்காரனுக்கு ஏற்ற வரிசையாகப் பார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்