பெட்டி வேண்டாம், கன்னியாவுக்குப் போவோம்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மா ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து முடிக்க ஒரு பின்னேரம் போய்விட்டது. சின்னவன் மரவேருக்குள் கையை விட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை இழுக்கிற படத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். தெரியாத பொந்துக்குள் கை வைக்காதே, வழியில் கிடக்கிற பொதியைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை நீ. நீ படித்த காலத்தில் பள்ளிக்கூடச் சுவரில் மிதிவெடிப் படம் ஒட்டியிருக்கும். உன் மகன் ஒளித்து வைத்த பெட்டியை விளையாட்டாகத் தேடுகிறான். தேடட்டும். பாம்பு இருக்கா என்று ஒரு தடியால் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விடச் சொல், அது போதும்.

ஜிபிஎஸ் காட்டுகிற ஆள்கூறுகளை (அகலாங்கு, நெட்டாங்கு எண்களை) வைத்து, யாரோ ஒளித்த பெட்டியைத் தேடுகிற இந்த ஜியோகேஷிங் எங்கள் நில அளவைத் தொழிலோடு ஒட்டிய விளையாட்டு என்பது அவனுக்குத் தெரியாது, சொல்லிவை. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்துதான் பொதுமக்களுக்குக் கொடுத்தது. நூறு மீற்றர் வரை தள்ளிக் காட்டும். மே 2ஆம் திகதி அதை நிறுத்தினார்கள். அடுத்த நாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் பக்கத்துக் காட்டில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, ஆள்கூறுகளை இணையத்தில் போட்டார். அந்த வாளியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அளவுச் சங்கிலியும் கோணம் அளக்கிற தியோடலைட்டும் சுமந்து காடு மேடெல்லாம் ஏறிய எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அவனுக்கு ஒரு கணக்கும் கொடு. கேஷ் என்று நீங்கள் சொல்கிற அந்தப் பெட்டியின் ஆள்கூறுகளில் கலைக்குப் (பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கு) பின்னால் மூன்று தசமம் வருகிறதே, அதில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் எவ்வளவு தூரம்? வடக்குத் தெற்காக இங்கேயும் அங்கேயும் ஏறக்குறைய 1.85 மீற்றர். கிழக்கு மேற்காகத் திருகோணமலையில் 1.83, நீங்கள் நடந்த இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் 1.16 தான். ஏன் என்று ஒரு தோடம்பழத்தில் கோடு கீறிப் பார்க்கட்டும். நீ விடையைச் சொல்லிக் கொடுக்காதே.

நீங்கள் சுற்றி நடந்த ஸ்ட்ராட்ஃபீல்ட் சே பற்றி நீ ஒரு வரி மட்டும் எழுதியிருந்தாய், ‘யாரோ ஒரு டியூக்கின் வீடு’ என்று. யாரோ இல்லை, பிள்ளை. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டைக்குள்ளே நீ சின்னனில் மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்த இடம் ஞாபகம் இருக்கா? அந்தக் கோட்டைக்குள்தான் வெல்லெஸ்லி இல்லம் இருக்கிறது. 1800 கடைசியில் படை திரட்டுவதற்காக இங்கே வந்து தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் கோமகன், நீ எழுதிய அந்த டியூக். அவர் காய்ச்சலோடு இந்த வீட்டில்தான் கிடந்தார் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். காய்ச்சல் பிடித்தது இங்கிருந்து பம்பாய்க்குப் போன பிறகு. அதனால் அவர் ஏறாமல் விட்ட கப்பல் செங்கடலில் ஆட்களோடு தாண்டு போனது. ஏறியிருந்தால் 1815இல் நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூப் போரில் அவருக்குப் பதில் வேறு யாராவது நின்றிருப்பார்கள், நீயும் வேறு எங்காவதுதான் பெட்டி தேடியிருப்பாய்.

அந்த வெற்றிக்காக நாடு 1817இல் அவருக்கு வாங்கிக் கொடுத்த காணிதான் ஸ்ட்ராட்ஃபீல்ட் சே. பழைய வீட்டை இடித்துவிட்டுப் பெரிய மாளிகை கட்டத்தான் முதலில் நினைத்தார். செலவைப் பார்த்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டு, இருந்த வீட்டுக்கே சூடேற்றும் குழாய்களும் நல்ல கழிப்பறைகளும் போட்டுக்கொண்டு இருந்தார். எனக்கு அந்த மனுசனில் பிடித்தது அதுதான். வாட்டர்லூவில் அவரைச் சுமந்த கோபன்ஹேகன் என்ற குதிரையும் அந்தத் தோட்டத்தில்தான் கிழடாகி 1836இல் செத்தது. இராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். புதைக்கப் போகும்போது பார்த்தால் ஒரு குளம்பை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்களாம், கோமகன் கோபத்தில் துள்ளிக் குதித்திருக்கிறார். வீட்டை ஆண்டில் சில நாட்கள் மட்டும்தான் திறப்பார்கள். அடுத்த முறை அந்த நாளைப் பார்த்துப் போ, சின்னவனுக்குக் குதிரையின் கல்லறையைக் காட்டலாம்.

தனியார் காணிகளுக்கு நடுவே சனம் நடக்கச் சட்டப்படி உரிமையுள்ள பாதை, அதற்கு மஞ்சள் அம்புக்குறி, வேலியில் கடப்பு, திறந்த படலையைச் சாத்திவிட்டுப் போகிற பழக்கம் என்று நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் கீறிய வரைபடங்களில் பாதி, வழிப் பிணக்கு வழக்குகளுக்குக் கீறியவை. ஒரு முழ ஒழுங்கைக்காக அண்ணன் தம்பி பதினைந்து வருசம் கோட்டுக்கு நடந்த கதை உனக்குத் தெரியும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஆவணியில் வரும்போது இங்கே ஒரு பெட்டி வைக்கலாமா, நான் அதைப் பார்த்துக்கொள்வேனா என்று கேட்டிருந்தாய். விடுமுறைக்கு வந்தவர் வைத்துவிட்டுப் போக முடியாது, பராமரிக்க ஊரில் ஆள் வேண்டும் என்ற விதி நல்ல விதிதான். ஆள் நான் இருக்கிறேன். பெட்டிதான் வேண்டாம்.

கோட்டைக்குள் இன்னமும் ஆமி இருக்கிறது. கல்லுக்குக் கீழே மூடிய டப்பா ஒன்று கிடந்தால் இந்த ஊரில் யாரும் அதை விளையாட்டு என்று எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. உங்கள் நாட்டிலேயே 2011இல் வெதர்பியில் ஒரு கேஷை வெடிகுண்டென்று நினைத்து வெடிக்க வைத்தார்களே. கோயில் பக்கம் வைத்தால் குரங்கு கொண்டுபோகும். ரவுண் பக்கம் வைத்தால் மான் பொலித்தீனைத் தின்னும், ஏற்கெனவே தின்று சாகின்றன. இதெல்லாம் இல்லாவிட்டாலும், யாரும் பார்க்காமல் தேட வேண்டும் என்பது இங்கே நடக்கிற காரியமா? நீ குனிந்த உடனே “என்ன தங்கச்சி துலைச்சிட்டீங்கள்?” என்று நாலு பேர் வந்து சேர்ந்து தேடுவார்கள்.

பெட்டியே இல்லாத எர்த்கேஷ் என்று ஒரு வகை உண்டு என்றாயே, இடத்தைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் எழுதினால் போதும் என்று. அதற்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைவிட நல்ல இடம் கிடைக்காது. ஏழு கிணறு, பக்கத்துப் பக்கத்தில், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். அம்மாவின் கிரியைக்காக இராவணன் வாளால் குத்தியது என்று அப்பம்மா சொன்ன கதையையும் எழுதலாம், எரிமலையே இல்லாத நாட்டில் மழைநீர் வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது என்பதையும் எழுதலாம். இடம் தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தை நான் இப்போதே எழுதத் தொடங்குகிறேன், பதில் வர நாள் எடுக்கும்.

கேள்விகளைச் சின்னவன் தயாரிக்கட்டும். எந்தக் கிணறு ஆகச் சூடு, பக்கத்துக் கிணற்றுக்கும் அதற்கும் எத்தனை பாகை வித்தியாசம் என்பது ஒன்று. அதற்கு நல்ல வெப்பமானி ஒன்று வாங்கி வா. வீட்டில் இருப்பது காய்ச்சல் பார்க்கிறது, 42க்கு மேல் காட்டாது.

அன்புடன்,
அப்பா