மினுக்கம் அடங்காத ஹரிகேன்

யாழ்ப்பாணம்,
மாசி மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. முழங்கால் நோ குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. பேத்தி தமிழில் எண்ணத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்துக் காட்டியதும் இங்கே வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். எங்களுக்கும் ஒரு குறையுமில்லை. மாரி நன்றாகப் பெய்ததால் கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கிறது. முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் பூத்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறது. பனி அந்தப் பூவைக் கருக்காமல் விட்டால் இந்த முறை அயலுக்கும் கொடுத்து நாங்களும் தின்னலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தில் உன் ஹரிகேன் போர்விமான மொடலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து எழும்பிய விமானங்களில் ஒன்றைச் செய்யவேண்டும் என்று எத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்! நிறம் சரி, வட்டங்களும் எழுத்துகளும் நேராக உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் இறக்கையில் உன் வீட்டு ரியூப் லைட் தெரிகிறது. அதுதான் கெடுக்கிறது. 1:72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்காக, முழு இறக்கையும் 17 சென்ரிமீற்றர்தான். அதில் பாதிக்கு ஒரு வெள்ளைக் கோடு விழுந்தால், இது மேசையில் இருக்கிற சின்னப் பொருள் என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும். நிஜ விமானத்தில் எந்த விளக்கும் அவ்வளவு இடத்தைப் பிடிக்காது.

வார்ணிஷ் போத்தலில் மட், அதாவது மினுக்கமில்லாத மங்கல், என்று எழுதியிருக்கிறது, அடித்தால் அரை மினுக்கம்தான் வருகிறது, ஏன் என்று கேட்டிருந்தாய். காரணம் பெரும்பாலும் போத்தலின் அடியில் கிடக்கும். வார்ணிஷ் தன் இயல்பில் மினுங்கும் சாமான். அதை மங்க வைப்பதற்காக மிக நுண்ணிய சிலிக்காத் தூளைக் கலந்துவிடுகிறார்கள். பூச்சு காய்ந்து சுருங்கும்போது அந்தத் துணிக்கைகள் மேலே துருத்தி நிற்கும். வெளிச்சம் ஒரே பக்கம் தெறிக்காமல் நாலா பக்கமும் சிதறும். மட் என்பது அவ்வளவுதான், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு. ஆனால் தூள் பாரமானது. ஒடியல் கூழில் மா அடியில் இறங்குவதைப்போல இறங்கிவிடும். கலக்காமல் மேலாக எடுத்து அடித்தால் நீ பூசுவது வெறும் மினுக்க வார்ணிஷ்தான். இதில் இன்னொரு வினை என்னவென்றால், அப்படியே மேலால் எடுத்து எடுத்துப் பாவித்து வந்தால் கடைசியில் போத்தலில் மிஞ்சுவது தூள் கூடிய குழம்பு. முதல் மொடல் மினுங்கும், கடைசி மொடல் வெள்ளை பூத்துப்போகும், போத்தல் ஒன்றே. பாதிப் பேர் இதைக் கொம்பனியின் பிழை என்று ஏசிவிட்டு வேறு போத்தல் வாங்குகிறார்கள்.

ஆகவே முதலில் அடிவரை கலக்கு. குலுக்குவதைவிடக் குச்சியால் கிண்டுவது நல்லது. குலுக்கினால் நுரை வரும், அது படலத்தில் குமிழாக நின்றுவிடும். உள்ளே குண்டு போடுவதென்றால் துருப்பிடிக்காத உருக்குக் குண்டாகப் போடு. சைக்கிள் பெயாரிங் குண்டு நீரில் கரையும் வார்ணிஷுக்குள் கிடந்தால் துரு இறங்கிப் போத்தலே பழுப்பாகிவிடும். அடித்துக்கொண்டிருக்கும்போதும் இடையிடையே கிண்டவேண்டும், காற்றால் வர்ணம் தெளிக்கும் எயார்பிரஷின் கிண்ணத்துக்குள்ளேயும்கூட. தாமியாவின் எக்ஸ்-21 என்ற பிளாட் பேஸ் உன்னிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது தனியே பூசுகிற வார்ணிஷ் அல்ல. மினுக்கப் பூச்சோடு கொஞ்சமாகக் கலந்து அதை மங்க வைக்கும் சாமான். அளவு கூடினால் சாம்பல் தூவியதுபோல் வெளிறிவிடும். ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் கரண்டியில் அடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு விமானத்துக்குப் போ. வெள்ளை பூத்தால் கறுப்பில்தான் முதலில் தெரியும்.

அடுத்தது தடிப்பு. நாங்கள் சின்ன வயதில் கதவுக்கும் யன்னலுக்கும் பெயின்ற் அடிக்கப் பழகியபோது, ஈரமாக, நிறைவாக, கோடு தெரியாமல் இழுக்கவேண்டும் என்றுதானே சொல்லித் தந்தார்கள்? அந்தக் கையை இங்கே மறந்துவிடவேண்டும். ஈரமான தடித்த பூச்சு தன்னைத்தானே சமப்படுத்திக்கொள்ளும். தூள் கீழே அமிழும், மேலே வழவழப்பான தோல் ஒன்று மூடும், ரியூப் லைட் வந்துவிடும். மங்கல் வேண்டுமென்றால் படலத்தைச் சமப்பட விடக்கூடாது. 15, 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில், ஒரு சாணுக்குக் குறைந்த தூரத்தில் வைத்து, பனிபோல மெல்லியதாக அடி. காயட்டும். திரும்ப அடி. முதல் தடவையில் ஒன்றும் நடக்காததுபோலத்தான் இருக்கும், பதறாதே. நன்றாகத் தள்ளிப் பிடித்தாலோ வேறு வில்லங்கம்: துளி காற்றிலேயே காய்ந்து மணலாக விழும். குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடும் உன் நிலக்கீழ் அறையின் வறண்ட காற்றில் இது இன்னும் சுலபமாக நடக்கும். அந்தச் சொரசொரப்பு கண்ணுக்கே தெரியும், அது நாங்கள் தேடுகிறது அல்ல.

தூரிகையால் பூசுவதும் முடியாத காரியம் இல்லை. அகலத் தூரிகை எடு, ஒரு திசையில் ஒருமுறை இழுத்துவிட்டு விடு. பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் தடவினால் அங்கே ஒரு மினுக்கத் திட்டு பிறக்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது. மூலைகளில் தேங்கினால் காய்ந்ததும் வெள்ளைக் கறை நிற்கும். ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் ஒற்றி எடு.

எங்கள் ஊர்க் காலநிலை பற்றியும் கேட்டிருந்தாய். நீ வரும்போது இங்கேயிருந்து ஒன்று செய்யலாமா என்ற யோசனை போல. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அந்த மச்சுக்குள்தான் என் மேசை. விடியற்காலையில் ஈரப்பதன் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த நேரத்தில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் தின்னர் சடாரென்று ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைக்கும், காற்றிலுள்ள ஈரம் அதில் ஒடுங்கும், பூச்சு பாலாகத் திரையும். பலர் அதைத்தான் மட் என்று நம்பி மகிழ்கிறார்கள். மாரியில், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, நான் வார்ணிஷ் போத்தலைத் தொடுவதில்லை. ஒட்டுவதும் அரம் போடுவதும்தான் அப்போது வேலை. சோளகம் எழும்பினால் காற்று காயும், ஆனால் தூசியும் சேர்ந்து வரும். பனி காலம் முடிகிற இந்த மாசி, பங்குனியில், பனி வற்றிய பிறகு பத்து மணியிலிருந்து மத்தியானம் வரைதான் நல்ல நேரம். கொம்பிரசருக்கு நீர்ப்பொறி இல்லாமல் இங்கே வேலை செய்யவே ஏலாது. காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி, சரியாக இறக்கை நடுவில் துப்பும். காய வைக்கும்போது மொடலுக்கு மேலே ஒரு பிளாஸ்ரிக் பேசினைக் கவிழ்த்துவிடுகிறேன்.

வெள்ளை பூத்துவிட்டாலும் சுரண்டாதே. அதன் மேலே மெல்லிய மினுக்கப் பூச்சு ஒன்று அடித்தால் இடைவெளிகள் நிரம்பிப் பெரும்பாலும் மறைந்துவிடும். காய்ந்த பிறகு மட் பூச்சை மறுபடி அடிக்கலாம். வட்டங்களும் எழுத்துகளும் அச்சிட்ட, நீரில் நனைத்து ஒட்டும் நீர்ப்படங்கள் ஒட்டுவதற்கு முன்னும் அந்த மினுக்கப் பூச்சு வேண்டும் என்பது உனக்குத் தெரியும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று அடைபட்டு வெள்ளி பூக்கும். கறுப்பும் கடும் பச்சையும் மட் பூச்சுக்குக் கீழே ஒரு படி வெளிறும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் எடு. முடிந்த பிறகு கை வைக்காதே. விரல் எண்ணெயும் உரசலும் சேர்ந்து அந்தச் சொரசொரப்பைத் தேய்த்துவிடும், பிடித்த இடமெல்லாம் மினுங்கும். விருந்தினருக்குக் காட்டுகிறேன் என்று தூக்கிக் கொடுக்கிற உன் பழக்கம் எனக்குத் தெரியாதா?

இவ்வளவும் எழுதிவிட்டு உன்னோடு சண்டை பிடிக்கவும் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மங்க வைக்கவேண்டும் என்கிறாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரவுக் குண்டுவீச்சு விமானங்களுக்கு அந்த யுத்தத்தின் தொடக்கத்தில் பூசிய கரிக்கறுப்பு அவ்வளவு சொரசொரப்பு, அது வேகத்தைக் குடிக்கிறது என்று கண்டு பிரிட்டிஷ் விமானப்படையே பிறகு வழவழப்பான பூச்சுக்குப் போனது. உன் ஹரிகேனில் ரயரும் புகைப்போக்கிக் கறையும் முழுக்க மங்கட்டும். உடம்பு ஒரு சிட்டிகை குறைவாக மங்கட்டும். மட் அடிக்கும்போது விமானி அமரும் கூண்டின் கண்ணாடியை மூடிவைக்க மறக்காதே, அது மினுங்கினால்தான் மற்றது மங்கல் என்று தெரியும்.

நான் இப்போது அன்னபூரணியோடு மாரடிக்கிறேன். வல்வெட்டித்துறையில் கட்டி, வல்வெட்டித்துறையார் ஓட்டிக்கொண்டு போய், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்த அதே பாய்க்கப்பல்தான். 90 அடிக்கு ஒட்டிய நீளம், 1:72இல் 38 சென்ரிமீற்றர் வரும். பாய்க்கு மட் வார்ணிஷே போடப்போவதில்லை. சீலைக்குச் சீலையின் மங்கலே போதும். உடல் மரத்துக்கு அரை மங்கல், தளத்துக்கு முழு மங்கல், ஏனென்றால் ஆட்கள் நடந்து உப்பில் வெளிறிய பலகை அது. கப்பலை நிறுத்தும் அடித்தட்டில் வடமராட்சி வெண்மணலை அரித்துப் போட்டிருக்கிறேன். உனக்குத் தேவையென்றால் வலிகாமத்துச் செம்மண்ணையும் துணியில் சலித்து ஒரு டப்பாவில் எடுத்து வைக்கிறேன். காய்ந்த மண் தூளை விட மங்கலான பூச்சு எந்தக் கடையிலும் கிடையாது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் அதைத் தடவவேண்டும். மேலே வார்ணிஷ் அடித்தால் தூள் நனைந்து கருகிப் பாதி காணாமல் போய்விடும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். ஸ்ப்ரே ரின் ஒன்றும் கொண்டுவராதே. எரியக்கூடிய சாமான் என்று விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், காசும் போகும். நீரில் கரையும் மட் வார்ணிஷ் இரண்டு சின்னப் போத்தல், மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, பெரிய பெட்டிக்குள் வை. துருப்பிடிக்காத குண்டுகள் ஒரு பைக்கற், எயார்பிரஷுக்கு 0.3 மில்லிமீற்றர் ஊசி ஒன்று, என் பழைய ஊசி வளைந்துவிட்டது. முடிந்தால் அந்த ஹரிகேனையும் கொண்டுவா. கையில் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், வயிற்றுப் பக்கத்தைத் தட்டோடு கட்டிப் பெட்டியில் வை.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி