பெய்னின் தாள்களைக் காத்துவரும் நூலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நூலகர்களே, சுவடிக் காப்பாளர்களே,

வணக்கம். அமெரிக்க நடிகரும் நாடக ஆசிரியருமான ஜான் ஹோவர்ட் பெய்ன் என்றதும் ‘ஹோம், ஸ்வீட் ஹோம்’ பாட்டுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. 1823இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் மேடையேறிய ‘கிளாரி’ நாடகத்துக்காக எழுதிய பாட்டு அது. அந்த ஒரு பாட்டு, அவர் எழுதிக் குவித்த மற்றதையெல்லாம் மறைத்துவிட்டது என்பது என் வருத்தம்.

21 வயதில், 1813இல், நியூயார்க்கிலிருந்து கப்பலேறியவர் ஊர் திரும்பியது 1832இல். நடுவில் லண்டன், பாரிஸ், கடனாளிகளை அடைக்கும் ஃப்ளீட் சிறை. பாரிஸில் எந்த நாடகம் கூட்டம் சேர்க்கிறது என்று பார்த்து, வேறு யாரும் முந்துவதற்குள் ஆங்கிலத்தில் மாற்றி லண்டனுக்கு அனுப்புவதுதான் பிழைப்பு. அந்தக் காலத்து நாடகத் தொழில் எப்படி நடந்தது என்பதற்கு அவருடைய கடிதங்களைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

‘இரண்டாம் சார்லஸ்’ நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1824இல் பெய்ன் பெயரில் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கும் அதில் கை வைத்திருந்தார். ஆனால் தன் பெயர் வெளியே வரக்கூடாது என்றார். எந்த வசனம் யாருடையது? நாடகத்தின் கையெழுத்துப் படியையும் இருவரின் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சொல்ல முடியும். மறு வருடம் பெய்ன், ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எழுதிய மேரி ஷெல்லியை மணக்க விரும்பினார். மேரியின் மனம் இர்விங் பக்கம் சாய்ந்திருப்பதாகத் தெரிந்ததும், மேரி தனக்கு எழுதிய கடிதங்களை எடுத்து இர்விங்கிடமே கொடுத்துவிட்டார். ஒதுங்கிக்கொண்ட அந்த மனசை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. அந்தக் கடிதங்கள் 1907இல் பாஸ்டனில் அச்சாயின. சரி, அதே மாதங்களில் பெய்ன் நாடக அரங்குகளுக்கு எழுதியவை? கடன் கொடுத்தவர்களுக்கு எழுதியவை?

அப்புறம், 1835இல் அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களின் வரலாற்றை எழுதப் போனவரை ஜார்ஜியா மாநிலக் காவல் படை கைது செய்து, தாள்களையும் பறித்துக்கொண்டது. அவர் திரட்டிய செரோக்கிச் சுவடிகள் இன்று சிகாகோ நியூபெரி நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நாடகக்காரர் தாள்கள் ஓரிடம், செரோக்கித் தாள்கள் ஓரிடம் என்றிருந்தாலும் எழுதிய கை ஒன்றுதானே?

நான் கேட்பது ஒன்றுதான். தாள்கள் அவரவர் இடத்திலேயே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து, தேதிவாரியாக, ஒரே பொது அட்டவணை போடுங்கள். இன்ன நாள், இன்ன ஊர், யாருக்கு எழுதியது, இப்போது எந்த நூலகத்தில் என்ற நான்கு விவரம் இருந்தால் போதும். 1823 முதல் 1825 வரையான கடிதங்களிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
நாடக வரலாறு படிக்கும் ஒரு வாசகர்