குகைக்கு மேலே இருக்கும் விடுதிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகையைப் பற்றித் தங்கள் பயணப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இதுவரை 420 மைலுக்கு மேல் அளக்கப்பட்டு, உலகிலேயே மிக நீளமானதாக அறியப்பட்டுள்ள அந்தக் குகையைக் கட்டுரையாளர் நன்றாகவே விவரித்திருக்கிறார். ஆனால், தங்குமிடங்களைப் பற்றி ‘அருகில் மோட்டல்கள் உண்டு’ என்ற ஒரே வரியோடு முடித்துவிட்டது எனக்குக் குறையாகப் பட்டது.

மகள் குடும்பத்தோடு, குகைக்கு அருகிலுள்ள கேவ் சிட்டி என்ற ஊரில் இரண்டு இரவுகள் தங்கியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அங்கே பழைய 31டபிள்யூ நெடுஞ்சாலையோரம், 1937-இல் கட்டப்பட்ட விக்வாம் வில்லேஜ் என்ற மோட்டல் இருக்கிறது. கூம்பு வடிவில் பதினைந்து தனித்தனி அறைகள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பில் ஒரு ஜிக்ஜாக் கோடு. (வடிவம் என்னவோ சமவெளிப் பழங்குடியினரின் டீப்பி கூடாரம், விக்வாம் என்பது வேறு வகைக் குடில்.) ஐ-65 விரைவுச்சாலை வந்த பிறகு வண்டிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட, புதிய விடுதிகளும் அங்கேயே போய்விட்டன.

பழையதோ புதியதோ, எல்லா விடுதிகளும் நிற்பது ஓட்டை விழுந்த சுண்ணாம்புப் பாறையின் மேல். நாங்கள் தங்கிய விடுதியின் பின்புறப் புல்வெளியில், நிலம் உள்வாங்கியதால் உண்டான ஒரு வட்டப் பள்ளம் இருந்தது. இரவெல்லாம் கொட்டிய மழைக்கு அது குளமாகியிருக்கும் என்று காலையில் எட்டிப் பார்த்தால், சருகுதான் ஈரமாக இருந்தது; தண்ணீர் முழுவதும் கீழே இறங்கியிருந்தது. மழைநீர் போகிற வழியில் கழிவுநீரும் போகும். மண்ணில் ஊறி வடிகட்டப்பட வாய்ப்பில்லாமல் நேராக நிலத்தடி ஓடைகளில் கலந்துவிடும். 1970-களில் தேசியப் பூங்காவைச் சேர்ந்த நிலவியலாளர் ஜேம்ஸ் குயின்லன், இத்தகைய நீரோட்டங்களில் சாயம் கலந்து, அது எந்த ஊற்றில் வெளிப்படுகிறது என்று தடம் பிடித்துக் காட்டியிருக்கிறார்.

பக்கத்து ஊரான ஹார்ஸ் கேவின் கதை இன்னும் கசப்பானது. ஊர் நடுவே வாய் திறந்திருக்கும் ஹிட்டன் ரிவர் குகையின் ஆறு, ஊர்க் கழிவு சேர்ந்து நாறிப்போனதால், 1943-இல் குகையையே மூட வேண்டியதாயிற்று. 1989-இல் வட்டாரத்துக்கான சுத்திகரிப்பு ஏற்பாடு வந்து ஆறு தெளிந்த பின்னரே, கண்ணில்லாத குகை மீன்கள் திரும்பின, பார்வையாளர்களும் வந்தனர்.

எனவே, இனி குகைப் பகுதி விடுதிகளைப் பரிந்துரைக்கும்போது, அறையின் வசதியோடு, அவ்விடுதி பொதுச் சாக்கடையில் இணைக்கப்பட்டதா, செப்டிக் டேங்கை நம்பியிருக்கிறதா என்பதையும் கட்டுரையாளர்கள் விசாரித்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். வரவேற்பு மேசையில் நான் அதைக் கேட்டபோது, அங்கிருந்தவருக்கு விடை தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்