ஹை ஜிங்க்ஸும் நம்ம ஊர்க் கூத்தும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஆபரேஷன் முடிந்து நேற்றுதான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன், கோபித்துக்கொள்ளாதே.

பேரன் உன் செருப்பை ஃப்ரிட்ஜில் ஒளித்துவைத்து அரை நாள் தேடவிட்டானாமே, படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆனால் மருமகள் அதை ‘ஹை ஜிங்க்ஸ்’ என்று சொன்னதற்கு நீ மூஞ்சியைத் தூக்கிக்கொண்டது அநியாயம்டா. தரித்திரம் என்று நீ நினைக்கிற ஜிங்க்ஸ் (jinx) வேறு, சேட்டை, கும்மாளம் என்று அர்த்தம் வருகிற இந்த ஹை ஜிங்க்ஸ் (high jinks) வேறு. தமிழில் எழுதினால் ஒன்றுபோலத் தெரியும், ஆங்கிலத்தில் எழுத்தே வேறு.

இது ஸ்காட்லாந்துச் சரக்கு. அங்கே ‘ஜிங்க்’ என்றால் பிடிக்க வரும்போது சட்டென்று உடம்பை வளைத்து நழுவுவது, ரக்பி ஆட்டத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஹை ஜிங்க்ஸ் என்பது முதலில் சேட்டையே இல்லை, சாராயக்கடையில் பெரிய மனிதர்கள் ஆடிய ஒரு பகடை ஆட்டம். ஆலன் ராம்சே என்ற கவிஞர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் விதிகளை எழுதிவைத்திருக்கிறார். கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப நிரப்பி வைத்து, ‘ஹை ஜிங்க்ஸ்’ என்று கத்திவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும், தன்னிலிருந்து ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் விழுந்த எண் யாரிடம் முடிகிறதோ அவன் குடிக்க வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். கத்த மறந்தாலும் அபராதம். குடித்தவனுக்குச் சேர்ந்த காசெல்லாம் சொந்தம். குடிக்கவும் வழி, சம்பாதிக்கவும் வழி!

வால்டர் ஸ்காட் 1815-இல் எழுதிய ‘கை மேனரிங்’ நாவலில் இந்த ஆட்டம் கொஞ்சம் மாறிவிடுகிறது. பகடை யார் மேல் விழுகிறதோ அவர் கொஞ்ச நேரம் வேறொரு ஆளாக நடிக்க வேண்டும், நடிப்பில் பிசகினால் இன்னொரு கிண்ணம் அல்லது அபராதம். எடின்பரோவில் சனிக்கிழமை ராத்திரி, கட்சிக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தால், கதையில் வருகிற ஒரு பெரிய வக்கீல் மேஜைமேல் நாற்காலி போட்டு, விக் ஒரு பக்கம் சரிய, பாட்டில் வைக்கிற தட்டைக் கிரீடமாகக் கவிழ்த்துக்கொண்டு ராஜாவாக உட்கார்ந்திருக்கிறார்! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். அப்புறம் அந்த நூற்றாண்டிலேயே ஆட்டம் மறந்து, சத்தமும் கும்மாளமும் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது.

நம்மிடமும் அப்படித்தானே நடந்திருக்கிறது. விடிய விடிய வேஷம் கட்டி ஆடியது கூத்து, இன்றைக்குப் பிள்ளைகள் வீட்டை இரண்டாக்கினால் “என்னடா கூத்தடிக்கிறீங்க” என்கிறோம். லூட்டி என்றும் சொல்லலாம், ஆனால் வேஷம் போட்டவர்களுக்குக் கூத்துதான் பொருத்தம். மருமகளிடம் சொல், அவள் சொன்னது சரிதான்.

சர்க்கரை எப்படி இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன் என்கிறாயே? பொங்கல் கழித்து வருகிறேன், தாயக்கட்டையை எடுத்து வை. செருப்பை மட்டும் என் பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.

உன் பழைய தோழன்