எடுத்துச் சொல்ல வீட்டில் யாரும் மிஞ்சாதபோது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே வீட்டில் பலரைக் கொன்றவர்களைத் தாமதமின்றித் தூக்கிலிட வேண்டும் என்று வலியுறுத்தி, தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளிவந்த கடிதங்களைப் படித்தேன். அமர்வு நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காகவும் பின்னர் சிரஸ்தாராகவும் (நீதிமன்ற அலுவலகத் தலைமை எழுத்தர்) பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவற்றில் எதுவும் தொடாத ஒரு விஷயத்தை, அதாவது தண்டனைக்கு முன் குற்றவாளியைப் பற்றி எடுத்துச் சொல்ல யாரும் மிஞ்சாத நிலையை, சொல்ல விரும்புகிறேன்.

அக்கடிதங்கள் எடுத்துக்காட்டும் அம்ரோஹா வழக்கின் கொடூரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2008 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்துக் கிராமமொன்றில், தந்தை, தாய், இரண்டு சகோதரர்கள், அவர்களில் ஒருவரின் மனைவி, ஒன்றுவிட்ட சகோதரி, பத்து மாதக் குழந்தை என ஏழு பேரை மயக்க மருந்து கொடுத்துக் கொன்றதாக அந்த வீட்டு மகளும் அவர் மணக்க விரும்பியவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2015 மே 15 அன்று இருவரின் மரண தண்டனையையும் உறுதி செய்தது. மறுசீராய்வு மனுவுக்கு முப்பது நாள் அவகாசம் இருக்க, ஆறே நாளில் அமர்வு நீதிமன்றம் தூக்கு ஆணையைப் பிறப்பித்தது. நாளும் நேரமும்கூடக் குறிக்கப்படாத அந்த ஆணையை உச்ச நீதிமன்றமே அந்த மாதம் 27 அன்று ரத்து செய்ய வேண்டியதாயிற்று. அந்த அவசரம் ஒரு நீதிபதியின் தனிப்பட்ட தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. இவ்வகை வழக்குகளில் தண்டனை ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்ற எண்ணம் நீதிமன்ற வளாகம் முழுவதிலும் பரவியிருக்கும்; அதை நானும் உணர்ந்திருக்கிறேன்.

'அரிதினும் அரிதான வழக்கு' எனில் மட்டுமே தூக்கு என்ற அளவுகோலைத் தந்த, உச்ச நீதிமன்றத்தின் 1980ஆம் ஆண்டுப் பச்சன் சிங் தீர்ப்பும், தனக்கு அடைக்கலம் கொடுத்த உறவினர் வீட்டில் ஒருவர் மூவரைக் கொன்ற வழக்கில் பிறந்ததே. குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியையும் பார்க்க வேண்டும், அவர் திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசுத் தரப்பே காட்ட வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. மூன்றாண்டு கழித்து வந்த மச்சி சிங் தீர்ப்போ, தூக்குக்குரிய வகைகளை விளக்கும்போது, ஒரு குடும்பத்தினர் அனைவரையும் அல்லது ஏறத்தாழ அனைவரையும் கொல்வதை வெளிப்படையாகவே ஓர் உதாரணமாகச் சொன்னது. அதனால் குடும்பக் கொலை வழக்குகளில் பிணங்களின் எண்ணிக்கையே வாதத்தை முடித்துவிடுகிறது. குற்றவாளி எப்படிப்பட்டவர் என்ற கேள்விக்கு வந்தால், அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் இறந்தவர்களின் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

குற்றம் நிரூபணமான பிறகு தண்டனை குறித்து எதிரியிடம் (குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்ற வழக்கில் இப்படித்தான் சொல்வோம்) தனியாகக் கேட்க வேண்டும் என்பது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235(2) பிரிவு, இப்போது புதிய சட்டத்தின் 258(2). நடைமுறையில் நான் எழுதியதெல்லாம் ஏறக்குறைய ஒரே வாசகம்: 'தான் நிரபராதி என்றும், குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால் குறைந்தபட்சத் தண்டனை வழங்கும்படியும் எதிரி கேட்டுக்கொண்டார்.' மனைவியையும் இரு குழந்தைகளையும் கொன்ற ஒருவரின் வழக்கில், பழக்கத்தில் அந்த 'குடும்பத்தைக் காப்பாற்ற' என்பதை எழுதிவிட்டு, கை நின்று, அடித்துத் திருத்தினேன். முற்பகலில் தீர்ப்பு, உணவு இடைவேளைக்குப் பின் தண்டனை. கொலையுண்ட பெண்ணின் அண்ணன் வராந்தாவில் நின்றிருந்தார். எதிரியின் தரப்பில் ஒருவரும் வரவில்லை. தூக்கு விதிக்கப்பட்டது.

உயர் நீதிமன்ற உறுதிப்பாட்டுக்காக வழக்குக் கட்டை அனுப்பும்போது, கைப்பற்றுதல் மகஜரில் (போலீசார் கைப்பற்றிய பொருள்களின் பட்டியல்) ஒரு வரி என் கண்ணில் பட்டது: மாத்திரைகளும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுப் புறநோயாளர் சீட்டும் அடங்கிய பிளாஸ்டிக் பை ஒன்று. அந்தச் சீட்டு சான்றாவணமாகக் குறியிடப்படவே இல்லை. மருந்தை அவர் எப்போது நிறுத்தினார், நிறுத்தியபின் எப்படி இருந்தார் என்பதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவருடைய மனைவி. பின்னாளில் உயர் நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தபோதும், அந்தச் சீட்டைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரி இல்லை. அவர் குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. எழுத்தராக நான் செய்திருக்க வேண்டியதும் ஏதாவது இருந்ததோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

ஹரியானாவின் ஹிசார் அருகே 2001இல் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ரேலு ராம் புனியா உட்பட எட்டுப் பேரைக் கொன்ற மகளுக்கும் மருமகனுக்கும் 2007இல் உச்ச நீதிமன்றம் தூக்கையே விதித்தது. கருணை மனு தேங்கியதால் 2014இல் அது ஆயுளாகக் குறைந்தது. அங்கும் உயிரைக் காத்தது நாள்காட்டிதானே தவிர, அவர்களைப் பற்றிய விசாரணை அன்று.

தண்டனைக்கு முன் மனநல மதிப்பீடு, சிறை நடத்தை, வாழ்க்கைப் பின்னணி ஆகியவற்றைத் திரட்ட வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது. பெற்றோரோ உடன்பிறந்தாரோ மிஞ்சாத வழக்கில், அதைத் திரட்டப் பயிற்சி பெற்ற ஒருவர் ஊருக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நேரில் போய் வர வேண்டும்; அதற்குச் சில வாரங்களாவது தேவை. எதிரி தப்பிவிடுவார் என்று அஞ்ச வேண்டியதில்லை. வாழ்நாள் இறுதிவரை, தண்டனைக் குறைப்பின்றிச் சிறை என்ற தண்டனையை உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2015இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அது இருக்கையில் தூக்குக் கயிறு தேவையில்லை என்பதே என் கருத்து. அதை ஏற்காதவர்களும் அந்தச் சில வாரங்களை மறுக்கக் காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி இத்தகைய வழக்கின் தீர்ப்பைத் தாங்கள் வெளியிடும்போது, குற்றம் நிரூபணமான நாளுக்கும் தண்டனை அறிவிக்கப்பட்ட நாளுக்கும் இடைவெளி எவ்வளவு, தண்டனை விசாரணையில் எதிரிக்காக யார் பேசினார்கள் என்ற இரண்டு விவரங்களையும் தங்கள் செய்தியாளர்கள் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற சிரஸ்தார்